பழைய காரின் ஸ்டீரியோ வயரிங் கோளாறுகள்

கைமாறி வந்த காரில் ஸ்டீரியோ பாடாமல் போவதற்கும், விடிந்தால் பேட்டரி இறங்கிக் கிடப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஸ்டீரியோப் பெட்டிக்குப் பின்னால், முந்தைய உரிமையாளர்கள் வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன வயர்களில் இருக்கும். தொழிற்சாலையில் போட்ட வயரிங் எளிதில் கெடுவதில்லை. இடையில் ஒருவர் வேறு ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டி, விற்கும்போது கழற்றிக்கொண்டு போயிருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்டீரியோவுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்கள் மூன்று. வெளிச்சந்தையில் விற்கும் பெட்டிகளில் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெறுவது. கடிகாரமும் நிலைய நினைவும் இதனால்தான் அழியாமல் இருக்கின்றன. சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். கறுப்பு எர்த். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த நிற ஒழுங்கு பெட்டியின் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். காரின் பக்கத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஒரு நிறவரிசை வைத்திருக்கிறார்கள். நிறத்துக்கு நிறம் இணைத்துவிட்டு ஃபியூஸ் எரிந்தபின் யோசிப்பதைவிட, முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது மலிவு.

பல கார்களில் உள்ள ஐ.எஸ்.ஓ. 10487 இணைப்பான் இந்தக் குழப்பத்தைக் குறைக்க வந்தது. அதன் ஏ பகுதியில் 4ஆம் ஊசி நிரந்தர மின்சாரம், 7ஆவது சாவி மின்சாரம், 8ஆவது எர்த். பி பகுதியின் எட்டு ஊசிகளும் ஸ்பீக்கர்களுக்கு. ஆனால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சில கார்களில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால் பெட்டி பாடும், காரை அணைத்ததும் நினைவு முழுதும் போய்விடும். சாவி மின்சாரம் எது என்று தேடச் சோம்பல்பட்டு மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் இணைப்பது இதற்கு நேரெதிர்ப் பிழை. காரை நிறுத்திய பிறகும் பெட்டி தூங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். இதைச் சோதிக்க, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் அம்மீட்டரை வைத்து, காரின் கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேல் போய், ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் அளவு விழுந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

எர்த் கோளாறுகள்தாம் அதிகம் ஏமாற்றுபவை. துருப்பிடித்த திருகில் மாட்டிய எர்த் வயர், மீட்டரில் சரியாகவே தெரியும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஒற்றைக் கம்பி இழை மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: பல்பு மங்கினால் எங்கோ இணைப்பு பலவீனம். எர்த் முற்றிலும் அறுந்திருந்தால் மின்சாரம் ஆன்டெனா கேபிளின் உறை வழியாகத் திரும்பப் பார்க்கும். ஆன்டெனாவைச் செருகினால்தான் பெட்டி உயிர்பெறுகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கீச்சொலியும் பெரும்பாலும் எர்த் சிக்கல்தான். பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் வெவ்வேறு இடத்தில் எர்த் கொடுத்தால், ஆல்டர்னேட்டரின் அதிர்வு சிக்னல் வயரில் புகுந்துவிடுகிறது. சந்தையில் விற்கும் இரைச்சல் வடிகட்டியை மாட்டுவதற்கு முன், இரண்டு எர்த்தையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கர் பக்கம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்றைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் ஆகாது. ஆம்ப்ளிஃபையர் இரு முனைகளையும் இயக்குவதால், பெட்டி ஓடும்போது இரண்டிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும். மிகப் பழைய கார்களில் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒரே எர்த் வயர் போட்டிருப்பார்கள். அதில் புதிய பெட்டியை இணைத்தால் அது பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும்; பெட்டி கெட்டது என்று குப்பையில் போடுபவர்கள் உண்டு. புது ஸ்பீக்கர் வயர் இழுப்பதே தீர்வு. புதிய காரிலும் அப்படி அணைந்தால் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்க்கும்போது அணைகிறதோ அந்த வயர், இருக்கை தண்டவாளத்திலோ மிதியடித் தகட்டிலோ நசுங்கி பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 ஓமுக்குச் சற்று மேல் காட்டும்.

கதவைத் திறந்தால் பாடி, மூடினால் ஊமையாகும் ஸ்பீக்கருக்குக் கதவு கீல் அருகிலுள்ள ரப்பர் குழாயில் தேடலாம். ஆண்டுக்கணக்கில் வளைந்து உள்ளே வயர் அறுந்திருக்கும். பாட்டு கேட்கிறது, பேஸ் மட்டும் இல்லை என்றால் ஒரு ஸ்பீக்கருக்கு மைனஸும் பிளஸும் மாறியிருக்கலாம். பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரில் 1.5 வோல்ட் பேட்டரி செல்லைப் பிளஸுக்குப் பிளஸாக நொடிப்பொழுது தொட்டால், சரியாக இணைந்திருந்தால் கூம்பு வெளியே நகரும்.

ஆரஞ்சு வயர் விளக்கோடு சேர்ந்து ஸ்டீரியோவின் ஒளியை மாற்றுவதற்கானது. காரின் அந்த வயரை எர்த் என்று நினைத்து இணைத்தவரின் வண்டியில் பார்க்கிங் லைட் போட்டதும் ஃபியூஸ் போகும். நீல வயரை விட்டுவிட்டால் சில கார்களில் ரேடியோ மட்டும் மோசமாகிவிடும், ஆன்டெனாவில் உள்ள பெருக்கிக்கு மின்சாரம் போகாததால்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். சில பழைய பெட்டிகள் மின்சாரம் போனால் திருட்டுத் தடுப்புக் குறியீடு கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. மஞ்சள் உறையுள்ள ஏர்பேக் வயர்களில் மீட்டரோ பல்போ வைக்கக் கூடாது. டேப் சுற்றிய முறுக்குகள் டேஷ்போர்டு வெயிலில் பசை உருகி நழுவும். அவற்றை வெட்டி, கிரிம்ப் செய்தோ சால்டர் வைத்தோ வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட வேண்டும். எரியும் ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுபவர், அடுத்து எரியப்போகும் வயருக்கு வழி செய்கிறார். புதிய கார்கள் பலவற்றில் சாவி மின்சாரத்துக்குத் தனி வயரே இருக்காது. அந்தச் செய்தி கேன் எனும் தரவு வழியில் வருகிறது. அங்கே வயர் தேடுவதை விட்டு, காரின் மாதிரிக்குரிய அடாப்டரை வாங்குவதே வழி.