மடலின் முதற்குறி

சோழர் கல்வெட்டுகள் பலவும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லோடுதான் தொடங்கும். கல்லில் இருந்த வழக்கம் கடதாசியிலும் தொடர்ந்தது. எங்கள் வீட்டுக் கடிதங்களின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் ‘சிவமயம்’. திகதியும் ஊரும் அப்புறந்தான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முஸ்லிம் வீடுகளிலோ அந்த இடத்தில் 786 இருக்கும். பிஸ்மில்லாஹ் வாசகத்தின் அரபெழுத்துகளை அப்ஜத் முறைப்படி எண்ணாக்கிக் கூட்டினால் வரும் தொகை அது. இறைநாமம் எழுதிய தாள் காலில் மிதிபடலாகாது என்ற பேணுதலால் எண்ணாயிற்று என்பர். இதனை ஏற்காத ஆலிம்களும் உளர்; அந்த விவாதத்தில் நான் நுழையவில்லை.

1990இல் கிழக்கின் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டும் இரத்தம் சிந்தின. சில வருடங்கள் கழித்து, பத்திரிகையொன்றின் பேனா நண்பர் பகுதியில் மருதமுனை மாணவன் ஒருவனின் விலாசம் கண்டேன். சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆயினும் முத்திரை ஒட்டித்தான் எழுதினேன். அக்காலம் அப்படி. சுழி போடுவதா, விடுவதா? வெகுநேரம் யோசித்து உச்சியை வெறுமையாக விட்டேன். “அன்பின் நண்பருக்கு, நலம், நலமறிய ஆவல். நிற்க” என்று தொடங்கினேன். இந்த ‘நிற்க’ இல்லாமல் அந்நாளில் எவருக்கும் விஷயத்துக்கு வரத் தெரியாது!

பதில் வந்தது. உச்சியில் 786. அடியில் ஒரு வரி: “உங்கள் மடலில் சுழியைக் காணவில்லையே, பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டாரா?”

அடுத்த மடலில் போட்டேன், சற்றுப் பெரிதாகவே.