புளியந்தீவுக் கோட்டையும் தளபதி கொஸ்டரும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையை நேயர்கள் பலர் பார்த்திருப்பர். அக்கோட்டையைக் கைப்பற்ற வந்தவர்களுள் வில்லம் யாக்கோப்சூன் கொஸ்டர் என்னும் ஒல்லாந்தத் தளபதியும் ஒருவன். இத்தீவில் அவன் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகளும் சில மாதங்களுமே. ஆயினும், ஒல்லாந்தர் இங்கு ஊன்றிய வரலாற்றின் தொடக்கம் முழுவதும் அக்குறுகிய காலத்துள் அடங்கிவிடுகின்றது.

கோவாத் துறைமுகத்தை ஒல்லாந்தக் கப்பல்கள் முற்றுகையிட்டிருந்தபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் தூதுவர்கள் அங்குச் சென்று உதவி வேண்டினர். முற்றுகைத் தலைவன் ஆடம் வெஸ்டர்வோல்ட், கொஸ்டரை முன்னதாக அனுப்பினான். 1638ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் அவன் மட்டக்களப்பை அடைந்தான். சில நாட்களுக்கு முன்னர்தான், மார்ச் 28ஆம் தேதி, கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை மன்னன் நிர்மூலமாக்கியிருந்தான். ஆகவே, கொஸ்டர் கண்டது உதவியற்றுத் தவித்த ஓர் அரசனையன்று. வெற்றி பெற்ற ஓர் அரசனையே. பின்னாளில் ஒல்லாந்தர் இதனை அடிக்கடி மறந்தனர்.

வெஸ்டர்வோல்ட் மே மாதத்தில் வந்து சேர்ந்தான். மன்னனும் தன் சேனையுடன் இறங்கி வந்தான். பெருங்கப்பல்கள் வாவிக்குள் நுழைய இயலாது; மணற்றிட்டு வாயிலை மறிக்கும். பீரங்கிகளைக் கரையிறக்கித்தான் கோட்டையைத் தாக்க வேண்டியிருந்தது. சிறிய காவற்படை நெடுநேரம் தாக்குப்பிடிக்கவில்லை. மே 18ஆம் தேதி சரணடைந்தது. அங்கிருந்த போர்த்துக்கேயர் நாகபட்டினத்திற்கு அனுப்பப்பட்டனர்.

ஐந்து நாட்களின் பின் உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்றது அதன் மூன்றாம் பிரிவு. மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், 'மன்னன் விரும்பினால்' என்னும் பொருள்படும் சொற்களும் இருந்தன. பத்தாவியாவுக்குச் சென்ற ஒல்லாந்தப் பிரதியில் அச்சொற்கள் இல்லை. ஒரு சிறு தொடர்தான். ஆனால் கோட்டைகள் யாருக்குரியன என்னும் வினா முழுவதும் அதிலேயே தங்கியிருந்தது. வெஸ்டர்வோல்ட் கப்பலேறிச் சென்றுவிட்டான். அவ்வினாவின் சுமை கொஸ்டரின் தோள்மீது விழுந்தது.

1639இல் திருகோணமலையும் 1640 பெப்ரவரியில் நீர்கொழும்பும் ஒல்லாந்தர் வசமாயின. நீர்கொழும்பைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு மன்னன் கேட்டான். அவர்களோ காவற்படையை நிறுத்தினர். மார்ச் 13ஆம் தேதி கொஸ்டரே முன்னின்று காலியைக் கடும் போரில் கைப்பற்றினான். அங்கும் அதே கதை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியதுபோல் என்று சிங்கள மக்கள் இன்றும் இவ்வுடன்படிக்கையைக் குறித்துக் கூறுவர்.

மன்னன் ஏற்றிருந்த போர்ச் செலவு பற்றியும் பிணக்கு வளர்ந்தது. அவற்றைத் தீர்க்கக் கொஸ்டரே கண்டிக்குச் சென்றான். அவன் நல்ல போர்வீரன். அரசவையில் பேசத் தெரிந்தவனல்லன். நாட்கள் கடந்தும் விடை கிடைக்காமற்போகவே, பொறுமையிழந்து கடுஞ்சொற்களை வீசிவிட்டுப் புறப்பட்டான் என்று ஒல்லாந்தர் குறிப்புகள் கூறுகின்றன. 1640 ஆகஸ்டில், மட்டக்களப்பை நோக்கி இறங்கும் வழியில், உடன்வந்த கண்டி வீரர்களே அவனைக் கொன்றனர். இதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1603இல், மட்டக்களப்பில் உயிரிழந்த செபால்ட் டி வேர்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியும் முந்திய கண்டி மன்னனுடன் சொற்போரிட்டே மாண்டான்.

கொஸ்டரின் மரணத்தால் ஒல்லாந்தர் போரை நிறுத்தவுமில்லை, காலியைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது, அதன் வாயிற்கதவுகளும் இராசசிங்கனுக்குத் திறக்கப்படவில்லை.