ஓசூரிலிருந்து லண்டனுக்கு ஒரு நாய்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரில் தொழிற்சாலை வேலைக்காகக் குடிவந்த குடும்பங்கள் அதிகம். மாற்றல் வந்தால் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் தனி அறை எடுக்க வேண்டும், அல்லது கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்ப வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்றிதழும் தடுப்பூசிச் சீட்டும் கையில் இருந்தால் போதும். ஆனால் அதே நாயை லண்டனுக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்! ஏன்?

காரணம் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். கடித்தவுடன் இந்த நோய் தெரியாது. கிருமி உடம்புக்குள் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் கூட ஒளிந்திருக்கும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இந்த இடைவெளியில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டார். சிறுவன் பிழைத்தான். கடித்த பிறகு போட்டாலும், கிருமி மூளையை எட்டும் முன் உடம்பு தயாராகிவிடும் என்பது அப்போது உறுதியானது.

இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கான முதல் நிலையம் 1900ல் கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டும். 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் இங்கே சிகிச்சை கிடைக்காமல் ரேபிஸால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடை உதவியோடு 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர்க்காரர்களுக்கும் கசௌலியை விடக் குன்னூர் எவ்வளவோ பக்கம். 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி பின்னர் ஊர் ஊராக மருத்துவமனைகளுக்கு வந்தது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பக்க விளைவுகள் காரணமாக 2004 இறுதியோடு இதன் தயாரிப்பு இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1902ல் ரேபிஸை ஒழித்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களால் நோய் திரும்ப நுழைந்தது. 1922ல் மறுபடி ஒழித்தார்கள். அதனால் வரும் நாய்களை 6 மாதம் தனிமையில் அடைத்து வைத்தார்கள். ஒளிந்திருக்கும் கிருமி அதற்குள் வெளிப்பட்டுவிடும் என்பது கணக்கு.

2000ல் இந்த விதி தளர்ந்தது. இந்திய நாய்க்கு இன்றைய வரிசை இதுதான்: முதலில் மைக்ரோசிப், பிறகு தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது! எனவே விசா வந்த பிறகு நாயைப் பற்றி யோசித்தால் நாய் இங்கேதான் நிற்கும்.

அன்று கடிபட்ட மனிதனுக்குப் பயணம் செய்ய அவகாசம் தந்தது அந்த இடைவெளி. இன்று கடிக்காத நாயையும் காக்க வைப்பது அதே இடைவெளிதான். உலகின் ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பயணம் இல்லாவிட்டாலும் அந்தத் தடுப்பூசிச் சீட்டு காலாவதியாகாமல் இருக்கட்டும்.