புடைப்பும் உறையும்: திறன்பேசிப் படக்கருவியின் வரலாறும் எடப்பாடிப் புழக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசியின் முதுகில் துருத்தி நிற்கும் படக்கருவிப் புடைப்பு, ஒளியியலின் தேவைக்கும் மெலிவை விற்கும் வணிகத்தின் தேவைக்கும் இடையே தீராது நின்ற முரணின் எச்சமாகும். அம்முரணைத் தீர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளரிடமிருந்து பயன்படுத்துவோரிடம் கைமாறியதையும், உறை அதன் தீர்வாக அமைந்ததையும் விசைத்தறி ஊரான எடப்பாடியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, படக்கருவிப் புடைப்பு, உறை, பொருள்சார் பண்பாடு, எடப்பாடி.

முன்னுரை

ஒரு கருவியின் வரலாறு பெரும்பாலும் அது வடிவமைக்கப்பட்ட இடத்திலிருந்தே எழுதப்படுகிறது. வெளியீட்டு நாள், பருமன், எடை, விலை ஆகியவை ஆவணங்களில் எளிதிற் கிடைப்பதே இதற்குக் காரணம். ஆனால், கடையிலிருந்து வெளிவரும்போதே உறையிடப்படும் கருவியை அவ்வாவணங்கள் காட்டுவதில்லை. அவ்விடைவெளியை, புடைப்பு என்னும் ஒற்றை உறுப்பைக் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது.

1. ஆழத்தின் தேவை

வில்லைக்கும் படம் விழும் பரப்புக்கும் இடையே போதிய தொலைவு இல்லையேல் உருவம் குவியாது. ஒரே அகலக் காட்சியைப் பிடிக்கும் இரு கருவிகளுள், படம் விழும் பரப்பு பெரிதாக உள்ளதற்குக் குவியத் தொலைவும் அதே விகிதத்தில் நீளும். 1912-இல் வெளிவந்த கோடாக் நிறுவனத்தின் வெஸ்ட் பாக்கெட் கருவி இத்தேவையை மடிப்புத் துருத்தியால் நிறைவு செய்தது. படமெடுக்கையில் நீண்டு, பின்னர் மடங்கிச் சட்டைப்பையில் அடங்கியது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 மடங்கும் வகையன்று; எனினும் படமெடுப்பதன்றி வேறு பணி அதற்கு இல்லாமையால் அதன் பருமன் இடையூறாகவில்லை.

பேசும் கருவியும் படமெடுக்கும் கருவியும் ஒன்றானபோதே சிக்கல் தோன்றியது. 2000-இல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் உருவாக்கிய ஜே-எஸ்எச்04 ஏறத்தாழ 1.1 இலட்சம் படப்புள்ளிகளே கொண்டது. உணரி சிறிதாகையால் ஆழத்தின் தேவையும் சிறிதே. 2012-இல் வந்த நோக்கியா 808 பியூர்வியூ 4.1 கோடி படப்புள்ளிகளையும் பெரிய உணரியையும் ஏற்றது. அதன் உடற்பருமன் 13.9 மி.மீ.; படக்கருவிப் பகுதியிலோ ஏறத்தாழ 18 மி.மீ.

செப்டம்பர் 2014-இல் வெளியான ஐபோன் 6 மாதிரியில் இம்முரண் மெலிந்த உடலிலும் வெளிப்பட்டது. அதற்கு முந்தைய ஐபோன் 5எஸ் மாதிரியின் பருமன் 7.6 மி.மீ.; இதன் பருமன் 6.9 மி.மீ. என அறிவிக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புடைப்பு அக்கணக்கில் சேரவில்லை. 2019-இன் ஹுவாவே பி30 புரோ, பட்டகத்தால் ஒளியைச் செங்கோணத்தில் திருப்பித் தொலைநோக்கு வில்லைக்குரிய ஆழத்தை உடலின் அகலத்திற்குள் கிடத்தியது. எனினும் பெரிய உணரி கொண்ட முதன்மைப் படக்கருவிக்கு அவ்வழி அமையவில்லை. அதன் புடைப்பு நீடித்தது.

2. எடப்பாடிப் புழக்கம்

சேலம் மாவட்டத்தின் விசைத்தறி ஊர்களுள் ஒன்றான எடப்பாடியில் படக்கருவி பொழுதுபோக்கின் உறுப்பு மட்டுமன்று. நெய்த துணியின் நிறத்தையும் கரையையும் வியாபாரிக்குக் காட்டுவது அது. 2016-இல் யுபிஐ அறிமுகமான பின், கடைகளில் கட்டக்குறியைப் படித்துப் பணம் செலுத்துவதும் அதன்வழியே நிகழ்கிறது. ஆகவே வில்லையின் தூய்மை தொழிலோடும் செலாவணியோடும் தொடர்புடையதாகிறது.

தறிக்கூடத்துக் காற்றில் பஞ்சுத்தூசி மிதக்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சமதள முதுகை ஒருமுறை வேட்டித் தலைப்பால் துடைத்தாற் போதும். புடைப்பைச் சுற்றிய படியிலும் வில்லை வளையங்களின் இடுக்கிலுமோ தூசியும் பிசுக்கும் சேர்ந்து தங்குகின்றன.

இரண்டாவது இடர், கிடத்துவதில் உள்ளது. மூலையில் புடைப்புடைய கருவியை மேசையில் மல்லாக்க வைத்தால் அது புடைப்பிலும் எதிர் விளிம்பிலுமே ஊன்றுகிறது. கணக்கு எழுதத் திரையைத் தொடுந்தோறும் ஆடுகிறது. அன்றியும் எடை வில்லைக் கண்ணாடியின் மேல் இறங்குகிறது. மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடியினுடையது ஏறத்தாழ 6. குப்புற வைப்பின் அதே கீறல் திரைக்கு நேர்கிறது. 2021-இன் கூகுள் பிக்சல் 6 புடைப்பை முதுகின் முழு அகலத்திற்கும் நீட்டி ஆட்டத்தைக் குறைத்தது. சாய்வும் கீறலும் அதனால் நீங்கவில்லை.

இங்கு 2003-இன் நோக்கியா 1100 ஒப்பிடத்தக்கது. தூசி புகாத ஒற்றைத் தகட்டு விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள், டார்ச் விளக்கு ஆகியன இந்தியச் சூழலைக் கருதி அமைந்தவை. அதில் தூசி வடிவமைப்பாளரின் பொறுப்பாக இருந்தது. புடைப்புடைய கருவியில் அது பயன்படுத்துவோரின் பொறுப்பாயிற்று.

3. உறையின் கணக்கு

மக்கள் வழக்கில் 'பேக் கவர்' எனப்படும் உறை, புடைப்பைச் சுற்றி விளிம்பெழுப்பி முதுகை மீண்டும் சமதளமாக்குகிறது. அதன் முதுகுப் பருமனை 1.5 மி.மீ. எனக் கொண்டால், 6.9 மி.மீ. கருவி 8.4 மி.மீ. ஆகிறது. மெலிவாக விளம்பரப்படுத்தப்பட்ட 0.7 மி.மீ. இலாபம் முழுவதும் கரைந்து, முந்தைய மாதிரியின் உடலையும் விஞ்சுகிறது. ஒளியியல் கேட்ட ஆழம் இறுதியில் கொடுக்கப்பட்டே விட்டது. கொடுத்தவர் உற்பத்தியாளர் அல்லர், உறை வாங்கியவர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். உறை புடைப்புக்கு முன்பே வழக்கில் இருந்தது. கீழே விழுந்து உடைவதற்கு அஞ்சியே மக்கள் அதனை வாங்குகின்றனர் என்பது அது. இம்மறுப்பு ஒரு பகுதி ஏற்கத்தக்கது. ஆனால் உறையின் பணியைப் புடைப்பு மாற்றியது. முன்னர் காப்பு மட்டுமே நோக்கமாயிருந்தது. பின்னர் சமப்படுத்தலும் சேர்ந்தது. மேலும், புடைப்பின் இடமும் வடிவமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடுதலால் ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. சிற்றூர்க் கடைக்காரர் மாதிரிவாரியாகச் சரக்கு வைக்க வேண்டியதாகிறது. பழைய மாதிரியை வைத்திருப்போர்க்கு உறை கிடைத்தல் அரிதாகிறது. கருவி இயங்கினும் அதனைப் பயன்படுத்தத்தக்கதாக்கும் துணைப்பொருள் முன்னதாகவே சந்தையிலிருந்து மறைகிறது.

முடிவுரை

புடைப்பை வடிவமைப்புப் பிழையென ஒதுக்குவதும் தொழில்நுட்ப வளர்ச்சியெனப் போற்றுவதும் போதா. அது பொறுப்பு கைமாறிய இடத்தின் தடயம். திறன்பேசியைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகமும் அதன் வரலாற்றை எழுதும் ஆய்வாளரும் உறையை விலக்கிக் கருவியை மட்டும் ஆவணப்படுத்தினால், எடப்பாடியில் உண்மையில் புழங்கிய பொருள் பதிவில் இடம்பெறாது.

இன்று ஐபோனின் உலோகக் கூடுகள் ஓசூர்ப் பகுதியிலுள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகின்றன. 1965-இல் தருமபுரி பிரியுமுன் ஓசூரும் எடப்பாடியும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. புடைப்பைத் தாங்கும் கூட்டைச் செய்யும் கைகளும் அதன்மேல் உறை மாட்டும் கைகளும் இவ்வட்டாரத்தினவே. அதன் வடிவைத் தீர்மானிக்கும் இடம் மட்டும் வேறு. அத்தொலைவை அளக்கும் ஆய்வு, உறையிட்ட கருவியிலிருந்தே தொடங்க வேண்டும்.