அமிஜிமா நாடகமும் ஒசானின் கடிதமும்

1723ஆம் ஆண்டில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா அரசு ஒரு சொல்லின்மேல் சினங்கொண்டது. காதலர் இருவர் ஒருங்கே உயிர்துறத்தலை மக்கள் 'ஷிஞ்ஜூ' என்று வழங்கினர். 'உள்ளத்தின் உள்ளே' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அதில் பெருமை ஒலிப்பதாகக் கருதிய அரசு, 'உடன்பட்டு இறத்தல்' என்னும் பொருளுடைய வறண்ட சொல்லொன்றைத் தன் ஆணையில் புகுத்தியது. இதுபற்றிய நாடகங்களை ஆடலாகாது. இறந்தோர்க்கு ஈமச்சடங்கு கிடையாது. இருவரும் பிழைத்துவிட்டால் மூன்று நாள் பொதுவிடத்தில் காட்சிப்பொருளாக நிறுத்தி, இழிந்தோர் எனப்பட்ட பிரிவிலே தள்ளுவர். இவ்வளவு கடுமைக்கு ஒரு காரணம் ஓசாகா நகரத்துப் பாவைக்கூத்து என்றால் நீங்கள் வியப்படையக்கூடும்.

அக்கூத்துக்கு நாடகம் எழுதியவருள் தலைசிறந்தவர் சிகாமத்ஸு மொன்ஸயெமொன் (1653-1725). வாள்வீரர் குடியிற் பிறந்த அவர், கடைக்காரரையும் பணிமகளிரையும் துன்பியல் நாடகத்தின் தலைமக்களாக்கினார். 1703இல் அவர் எழுதிய சொனெஸாகி நாடகம், கடனில் மூழ்கியிருந்த தகெமோதோ அரங்கை மீட்டது. முதுமையில் அவர் எழுதி 1721இன் தொடக்கத்தில் அவ்வரங்கில் ஏறிய அமிஜிமா நாடகத்தையே நான் அவர் படைப்புக்களுள் உயர்ந்ததாகக் கருதுகிறேன். மூவர் சேர்ந்து ஒரு பாவையை இயக்கும் முறை 1734இல்தான் தோன்றியது. அமிஜிமா முதன்முதல் ஆடப்பட்டபோது ஒரு பாவைக்கு ஓர் ஆளே. உயிரூட்டும் பொறுப்பு பெரும்பாலும் கதை சொல்பவரின் குரலுக்கே உரியதாக இருந்தது.

கதை எளியது. காகித வணிகன் ஜிஹெய்க்கு மனைவி ஒசானும் இரு குழந்தைகளும் உண்டு. ஒசான் அவன் அத்தை மகளுங்கூட. ஆகவே மணம் முறிந்தால் முறிவது இரு குடும்பங்களின் உறவு. அவனோ விலைமகள் கொஹாருவிடம் உள்ளத்தை இழந்து, சேர்ந்து இறப்பதென்று அவளோடு உறுதி செய்துகொண்டான். அந்நிலையில் கொஹாரு அவனை வெறுத்தவள்போல் விலகுகிறாள். ஜிஹெய் கொதிக்கிறான், இருவரும் மாற்றிக்கொண்ட உறுதிமொழி ஓலைகளைத் திருப்பித் தருமாறு கேட்கிறான். அவற்றை எண்ணிப் பார்த்த அண்ணன் மகொயெமொன், அவற்றிடையே வேறொரு கடிதத்தைக் காண்கிறான். எழுதியவள் ஒசான். 'என் கணவர் உயிரைக் காப்பாற்று. அவரை விட்டுவிடு' என்பது அதன் கருத்து. மனைவியின் வேண்டுகோளுக்காகவே அந்த விலைமகள் காதலனின் பழியைச் சுமந்தாள்!

இரண்டாம் அங்கம் இந்நாடகத்தின் உயிர்நிலை. பணக்காரன் ஒருவன் கொஹாருவை விலைகொடுத்து மீட்கப் போகிறான் என்று ஒசான் அறிகிறாள். அவனுக்கு உடைமையாவதைவிட அவள் இறந்துவிடுவாள் என்பதும் ஒசானுக்கு உடனே விளங்குகிறது. தன் சொல்லைக் காத்தவள் தன்னால் சாகலாமா? பெண்ணுக்குப் பெண் செய்யவேண்டிய கடப்பாடு ஒன்று உண்டன்றோ? ஜப்பானியர் அதனைக் 'கிரி' என்பர். மீட்புக்கு முன்பணமாக 750 மொம்மே வெள்ளி வேண்டும். காகிதம் வாங்கிய கணக்கைத் தீர்க்க வைத்திருந்த 400 மொம்மேயை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளியை, ஒசான் எடுத்துத் தருகிறாள். எஞ்சிய தொகைக்காகத் தன் ஆடைகளையும் குழந்தைகளின் ஆடைகளையும் அடகுக்கு மூட்டை கட்டுகிறாள். 'அவள் வந்தபின் உன் நிலை என்ன?' என்று கணவன் கேட்க, அவள் ஒரு கணம் திகைக்கிறாள். பிறகு, குழந்தைகளின் செவிலியாகவோ சமையற்காரியாகவோ இருந்துவிடுவதாகச் சொல்கிறாள். அத்திகைப்பில்தான் ஆசிரியரின் மேதை விளங்குகிறது. அவள் தெய்வமகள் அல்லள். தன் இடம் பறிபோவதை உணர்ந்தே கொடுக்கிறாள்.

அவ்வேளையில் அவள் தந்தை நுழைகிறார். வெறுமையான பேழைகளைக் காண்கிறார். மணமுறிவு கோரி மகளை இழுத்துச் செல்கிறார். மகளைக் காப்பது தந்தையின் கடமை; அவரைக் குறை கூறவும் இயலவில்லை. ஆனால் அந்தக் கடமை மற்றவர்களின் கடமையோடு மோதி எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது.

நாடகம் கண்டோர் அவ்வழியே செல்வர் என்று அரசு அஞ்சியது. அவ்வச்சத்தை முற்றும் பொய்யென்று நான் தள்ளமாட்டேன். ஓர் உயிரும் வீணே போதலாகாது. ஆயினும் கொஹாருவைப் போன்றாரை விலைக்குக் கட்டிவைத்த ஒப்பந்தத்தை அந்த ஆணை தீண்டவில்லை. அக்கட்டினை அவிழ்க்கும் ஆணை 1872இல்தான் பிறந்தது. அதுவும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

இறுதி அங்கத்தில் ஜிஹெய்யும் கொஹாருவும் ஓசாகாவின் பாலங்களை ஒவ்வொன்றாகக் கடந்து அமிஜிமாவை அடைகின்றனர். ஓரிடத்தில் இறந்து கிடந்தால் தான் வாக்குத் தவறியதாக ஒசான் எண்ணுவாளே என்று கொஹாரு கலங்குகிறாள். இருவரும் தலைமயிரைக் களைந்து துறவியராகி, இல்லறக் கடன்களினின்று விடுபட்டதாகக் கொள்கின்றனர். அப்படியும் வேறுவேறு இடத்திலேயே மடிகின்றனர். ஒசான் அந்த அங்கத்தில் மேடைக்கு வருவதேயில்லை.