கொல்லைப்புற ஹாம்பர்கர்

அரைத்த மாட்டிறைச்சியை வில்லைகளாகத் தட்டி, வீட்டுக் கொல்லையில் கரி அல்லது எரிவாயு அடுப்பில் சுட்டு, பன்னுக்குள் வைத்துப் பரிமாறுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கோடைக்கால வழக்கம். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாளில் தொடங்கி, ஜூலை 4 விடுதலை நாளைக் கடந்து, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாள் வரை இவ்விருந்து களைகட்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் வழியே, ஹாம்பர்க் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கொத்திறைச்சிப் பண்டம் அமெரிக்க உணவகங்களுக்கு வந்தது. தட்டில் வைத்து உண்ட அதை முதலில் ரொட்டிக்குள் வைத்தவர் யார் என்பதில் விஸ்கான்சினின் சீமோர், கனெக்டிகட்டின் நியூ ஹேவன், டெக்சஸின் ஏதென்ஸ் உள்ளிட்ட ஊர்கள் இன்றும் போட்டியிடுகின்றன. எவருடைய உரிமையும் ஐயமற நிறுவப்படவில்லை.

1906இல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் சீர்கேட்டை வெளிச்சமிட்டது. அதே ஆண்டில் இறைச்சி ஆய்வுச் சட்டமும் வந்தது. அரைத்த இறைச்சியில் என்ன கலந்திருக்குமோ என்ற அச்சம் நீடித்த சூழலில், 1921இல் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் ஒயிட் காசில் கடை திறந்தது. வெண்ணிறக் கட்டடம், வாடிக்கையாளர் கண்முன்னே சமையல், விலை 5 சென்ட். பர்கரைப் பற்றிய நம்பிக்கையை மீட்டதில் அக்கடைக்குப் பெரும் பங்குண்டு.

பர்கரைக் கொல்லைக்குக் கொண்டுவந்தவை கரியும் மூடியும். கார் உற்பத்தியில் மிஞ்சிய மரக்கழிவைக் கரிக்கட்டிகளாக்கும் ஆலையை 1920களில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் அமைத்தார். அக்கரி ஃபோர்டு கார் விற்பனையகங்களிலும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகி, வீட்டுக்கொரு புல்வெளி வாய்த்தது. சிகாகோவில் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் மிதவைக்கான உலோகக் கோளத்தின் ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். மூடினால் காற்றும் மழையும் நெருப்பைக் கெடுக்கா. கொழுப்பு சொட்டிக் குபீரென எழும் தீயும் காற்று குறைந்து தணியும். கொல்லை அடுப்பின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை.

பக்குவத்தில் முதன்மையானது இறைச்சித் தேர்வு. கழுத்து, தோள் பகுதி இறைச்சியில் 80 விழுக்காடு தசையும் 20 விழுக்காடு கொழுப்பும் இருப்பது வழக்கமான அளவு. கொழுப்பு குறைந்தால் வில்லை வறண்டுவிடும். அடுத்தது உப்பு. அரைத்த இறைச்சியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால், அது தசைப்புரதத்தைக் கரைத்து ஒட்டவைக்கும். பர்கர் தொத்திறைச்சி போல இறுகும். ஆகவே அதிகம் பிசையாமல் மெல்லத் தட்டி, நடுவில் விரலால் சிறு குழி செய்து, அடுப்பில் வைக்கும் நொடியில் உப்பும் மிளகுத்தூளும் மேலே தூவ வேண்டும். ஓரம் சுருங்கும்போது நடுப்பகுதி உப்பாமல் அக்குழி காக்கும். வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள் சேர்ப்போரும் உண்டு. நல்ல இறைச்சிக்கு அவை தேவையில்லை.

மேற்புறம் பழுப்பேறி மணப்பதற்குக் காரணமான வேதிவினையை 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மயார் விவரித்தார். கரியில் சொட்டிய கொழுப்பு புகையாகி மேலேறுவதே கொல்லைப் பர்கரின் தனி மணம். திருப்பியால் அழுத்தினால் சாறு வடிந்து, தீயும் பொங்கும்.

1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத பர்கர்களால் ஈ. கோலை கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 4 குழந்தைகள் இறந்தனர். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது. மறு ஆண்டே, அக்கிருமி வகை கலந்த அரைத்த இறைச்சியை விற்பதற்கு அந்நாட்டு வேளாண் துறை தடை விதித்தது. உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அத்துறையின் அறிவுரை. அந்த வெப்பத்தை எட்டும் முன்பே இறைச்சி பழுப்பாகிவிடக்கூடும் என்பதால், நிறத்தை நம்பாமல் வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகிப் பார்த்த பின்பே பரிமாற வேண்டும்.