காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஆபத்து: பாங்காக் மருத்துவமனையின் கதை

1958ஆம் ஆண்டு பாங்காக் நகரத்துப் பிள்ளைகளிடையே ஒரு விசித்திரமான காய்ச்சல் பரவியது. சில நாட்கள் உடம்பு அனலாய்க் கொதிக்கும். பிறகு தணியும். 'அப்பாடா' என்று பெற்றவள் மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் கை கால் சில்லிட்டு, நாடி தளரும். அந்த ஆண்டு பதிவான 2,158 நோயாளிகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 14 பேர் இறந்துபோனார்கள். 1954இல் மணிலாவையும் இதே நோய் தாக்கியிருந்தது. வில்லியம் ஹாமன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு முதலில் மணிலாவிலும் பிறகு பாங்காக்கிலும் ஆராய்ந்து, காரணம் டெங்கு வைரஸ்தான் என்று கண்டுபிடித்தது.

கண்டுபிடித்து என்ன செய்ய? அந்த வைரஸைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரியில் சேர்த்து என்ன பயன்?

1960களில் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மானித்யாவும் உடன் பணியாற்றியவர்களும் படுக்கை படுக்கையாகக் கவனித்து இதற்கு விடை கண்டார்கள். பெயர்தான் ரத்தக்கசிவுக் காய்ச்சல். ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது வெளியே தெரியும் ரத்தம் அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் மார்புக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை பிழைத்தது!

கசிவை அறியப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டுச் சுழற்றினால் சிவப்பணுக்களின் விகிதம் தெரியும். அது வழக்கத்தைவிட 20 சதவீதம் ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். உடனே உப்புநீர் ஏற்ற வேண்டும். அதிகம் ஏற்றினாலும் வினைதான். கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே உள்ளே போனது எவ்வளவு, சிறுநீராக வெளியே வந்தது எவ்வளவு என்று நர்சுகள் விடாமல் எழுதி வைக்கும் தாள்தான் இங்கே முக்கிய மருந்து. எந்தக் கணக்குப்பிள்ளையும் இவ்வளவு கவலையோடு வரவு செலவு பார்த்திருக்க மாட்டார்!

குணமாவதன் அடையாளமும் எளிமையானதுதான். பிள்ளைக்குப் பசி எடுக்கும். சிலருக்குக் கை கால்களில் அரிப்போடு சிவந்த தடிப்பு வரும், பயப்பட வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட முதல் டெங்கு சிகிச்சை வழிகாட்டி பெரும்பாலும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். 1987இல் தாய்லாந்தில் 1,74,000 பேருக்கு மேல் நோய் கண்டது. இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. புது மருந்து எதுவும் வராமலே இந்த மாற்றம்!

நம் ஊரில் டெங்கு என்றாலே 'தட்டணு எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ரத்தக்கசிவு வராமல் தடுப்பதற்கென்று முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் பலன் ஏதும் கிடைக்கவில்லை.